கார்பரேட்டர் ஜென்னுக்கு சிலிகான் வேக்கம் ஹோஸ் கிட்: பாதிக்குத்தான் ஆகும், மீதியைக் கிருஷ்ணகிரியில் மீட்டரில் வாங்குங்கள்

சிவப்பு, நீலம் என்று கலர் கலராகப் படம் போட்டு ஆன்லைனில் விற்கிறார்களே சிலிகான் வேக்கம் ஹோஸ் கிட், அதைப் பழைய கார்பரேட்டர் வண்டிக்கு வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி பானட்டைத் திறக்காதீர்கள் என்பேன். இன்ஜின் உறிஞ்சும் இழுவையை, அதாவது வேக்கத்தை, மற்ற பாகங்களுக்குக் கொண்டுபோகும் குழாய்கள், வேக்கம் லைன் என்று நாம் மொத்தமாகச் சொல்லும் ஹோஸ்களில் சிலதில் வெறும் காற்றுதான் போகும், சிலதில் பெட்ரோல் ஆவியோ இன்ஜின் ஆயில் ஆவியோ சேர்ந்து போகும். முதல் வகைக்குச் சிலிகான் அருமை. இரண்டாவது வகைக்கு ஆகவே ஆகாது. கிட் விற்பவர் இந்த வித்தியாசத்தைப் பெட்டியில் ஒரு வரி கூடப் போடவில்லை, எல்லா வேக்கம் லைனுக்கும் பொருந்தும் என்று மட்டும் பெரிதாகப் போட்டிருக்கிறார். அதனால் கிட்டுக்கு ஐந்துக்கு மூன்று, கிருஷ்ணகிரி ஹோஸ் கடைக்கு ஐந்துக்கு நாலரை. பிராண்டுப் பெயரை விடுங்கள், இதே சரக்கு பல பெயரில் வருகிறது.

வண்டி 1998 மாருதி ஜென். 993 சிசி, நாலு சிலிண்டர், அலுமினிய இன்ஜின், ஆர்.பி.எம். ஏறும் சுகத்துக்காகவே இன்னும் ஆட்கள் தேடித் தேடி வாங்கும் வண்டி. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்புக் கொட்டகையில் கிடந்தது, எலி தின்றதும் வெயில் தின்றதும் போக மிச்சம்தான் என் கைக்கு வந்தது. ஸ்டார்ட் ஆகும், ஹைவேயில் எண்பதில் ஜம்மென்று போகும், ஊருக்குள் வந்து ரவுண்டானாவில் நின்றால் சிலோ (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் மெதுவாக ஓடும் ஓட்டம்) நிற்காது, ஏசியைப் போட்டால் அவ்வளவுதான், ஆஃப். பார்த்தவர்கள் எல்லோரும் கார்பரேட்டர் மேல்தான் கை வைத்தார்கள். ஒருவர், "கார்பரேட்டர் அவுட்டு சார், பெங்களூரு ஜே.சி. ரோட்டுல செகண்ட்ஸ் கிடைக்கும், வாங்கிட்டு வந்துடுங்க" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

ஓட்டத்தில் சரி, சிலோவில் மட்டும் தகராறு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹோஸைத்தான். சிலோவில் கார்பரேட்டரில் காற்றுக்கு வழிவிடும் திராட்டில் தட்டு மூடியிருக்கும், பிஸ்டன் இழுக்க இழுக்க மேனிஃபோல்டில் (கார்பரேட்டரில் இருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாயில்) வேக்கம் பலமாக இருக்கும், அந்த நேரத்தில் ஹோஸில் ஊசி நுழையும் அளவு வெடிப்பு இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே போய்க் கலவையில் பெட்ரோல் பங்கைக் குறைத்துவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வேக்கம் இறங்கும், உள்ளே போகும் மொத்தக் காற்றும் பல மடங்கு கூடும், அப்போது அந்த வெடிப்பு வழியாக நுழைவது ஒரு பொருட்டே இல்லை. மெக்கானிக்குகள் "ஏர் புடிக்குது" என்பது இதைத்தான். புடிக்குது என்று சொல்லிவிட்டு எங்கே என்று தேடாமல் சிலோ ஸ்க்ரூவை ஏற்றிவிட்டு அனுப்புவார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வரும்.

தேடுவதற்குக் காசு வேண்டாம். இன்ஜின் சிலோவில் ஓடும்போது பிளையர் மூக்கில் துணி சுற்றிக்கொண்டு ஒவ்வொரு ஹோஸாக மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் மெதுவாக நசுக்கிப் பார்க்கலாம். நசுக்கியதும் சிலோ நிதானப்பட்டால் அந்த லைனில்தான் ஓட்டை. ஒரு முழம் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையை ஹோஸ் மூட்டுகள் பக்கம் நகர்த்தினால் உஸ் என்று இழுக்கும் சத்தம் அந்த இடத்திலேயே கேட்கும், ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் டியூபும் சட்டைக் கையும் எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்க்கும் வழி ஒன்று உண்டு, எல்லா வீடியோவிலும் அதைத்தான் காட்டுகிறார்கள், எனக்கு அது பிடிக்காது. சூடான எக்ஸாஸ்ட்டும் தேய்ந்த பிளக் வயரும் இருக்கிற இடத்தில் எரியக்கூடிய ஸ்பிரே எதற்கு?

என் வண்டியில் கண்டது இது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) போகும் ஹோஸ் நிப்பிள் முனையில், அதாவது ஹோஸ் சொருகும் சின்னக் குழாய்மூக்குப் பக்கம், நீளவாக்கில் பிளந்திருந்தது. ஏசி போட்டதும் சிலோவை உயர்த்தும் ஐடில்-அப் லைனில் யாரோ ஒரு புண்ணியவான் ஆஸ்பத்திரி குளுகோஸ் டியூபைச் சொருகியிருந்தார், சூட்டில் அது பழுப்பாகி இளகி ஒரு வளைவில் ஒட்டிப்போயிருந்தது. பிளாஸ்டிக் டி-ஜாயின்ட் கை வைத்ததும் உடைந்தது. மேனிஃபோல்டில் உபயோகத்தில் இல்லாத ஒரு நிப்பிளை மூடியிருந்த ரப்பர் தொப்பி தலையில் வெடித்திருந்தது. இந்தத் தொப்பியை யாரும் பார்ப்பதே இல்லை, ஆனால் அது வெடித்தால் ஹோஸ் அறுந்ததும் அதுவும் ஒன்றுதான்.

இனி கிட். 3, 4, 6, 8 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் நாலு சுருள், ஒரு பொட்டலம் ஸ்பிரிங் கிளிப், கொஞ்சம் கேபிள் டை, விலை ஆயிரத்துச் சொச்சம். ஹோஸ் மேல் எழுத்து எதுவும் அச்சாகவில்லை, என்ன தரம் என்று விசாரிக்க வழியில்லை. 3-ம் 4-ம் சுவர் தடிமனாக, விரலில் சுற்றினாலும் வாய் மூடாமல் வளைகின்றன, இந்த இரண்டும் கொடுத்த காசுக்குத் தகும். 6-லும் 8-லும் கை வைத்துவிட்டார்கள். உள்விட்டம் கூடக் கூடச் சுவரும் தடிக்க வேண்டும், இங்கே சுவர் அப்படியே இருக்கிறது, 8-ஐக் கொஞ்சம் வளைத்து வாயால் உறிஞ்சினாலே அமுங்கி ஒட்டிக்கொள்கிறது. வாய்க்கே தாங்காதது இன்ஜினுக்குத் தாங்குமா?

பெட்ரோலுக்குத் தாங்குமா என்று சந்தேகம் உள்ளவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். கிட்டில் இருந்து ஒரு துண்டு, கடையில் வாங்கிய நைட்ரைல் ரப்பர் ஹோஸில் இருந்து அதே நீளத்தில் ஒரு துண்டு, இரண்டையும் மூடி போட்ட கண்ணாடிச் சீசாவில் பெட்ரோல் ஊற்றி ராத்திரி முழுக்க வெளித் திண்ணையில், அடுப்புக்கும் பீடிக்கும் எட்டாத இடத்தில், வைத்தேன். காலையில் ரப்பர் துண்டு போட்ட மாதிரியே இருந்தது. சிலிகான் துண்டு ஊறப்போட்ட ஜவ்வரிசி மாதிரி பருத்து, கண்ணுக்குத் தெரியும்படி நீண்டு, நகத்தால் அழுத்தினால் கீறல் விழும் பதத்துக்கு வந்துவிட்டது. முன்பு இறுக்கமாக ஏறிய நிப்பிளில் இப்போது தானாக நழுவியது. எடுத்துக் காய வைத்தால் பெட்ரோல் பறந்து ஏறக்குறைய பழைய அளவுக்கு வருகிறது, அதனால் வண்டியில் இந்தக் கோளாறு வரும் போகும், கண்டுபிடிக்கவே முடியாது. உள்ளே ஃபுளோரோசிலிகான் பூச்சு வைத்த ஹோஸ் பெட்ரோலைத் தாங்கும், அது வேறு சரக்கு, விலையும் வேறு.

ஆகவே நான் பிரித்த விதம்: டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸ் லைனுக்கும் ஏசி ஐடில்-அப் லைனுக்கும் கிட்டின் சிலிகான். சூடு இதற்கு ஒரு பொருட்டல்ல, சிலிகான் ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும் பொருள், சித்திரை வெயிலில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஊர்ந்தாலும் இளகாது, வருடங்கள் ஆனாலும் மொறுமொறுவென்று ஆகாது. இன்ஜின் மூச்சுக்காற்று, அதாவது வால்வு கவரில் இருந்து வரும் பி.சி.வி. லைனுக்கு ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர். கேனிஸ்டர் (டேங்கில் இருந்து வரும் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) உள்ள வண்டி என்றால் அந்த லைனுக்கு பெட்ரோல் ஹோஸ்தான், மேலே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வேக்கத்தின் உதவியால் பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்கு நூல் பின்னல் வைத்த கெட்டி ஹோஸ், இதில் பேரமே கிடையாது.

இந்த மீதிச் சரக்குக்குத்தான் கிருஷ்ணகிரி கடை. ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம், லாரிக்கு ஏர் ஹோஸ், டிராக்டருக்கு ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் பண்ணித் தரும் சின்னக் கடை. கார் சாமான் கடை இல்லை, அதனால்தான் நல்ல கடை. கார் ஸ்பேர்ஸ் கடையில் "வேக்கம் ஹோஸ்" என்று கேட்டால் கைக்குக் கிடைத்த கறுப்பு டியூபை அளக்காமல் நீட்டுவார்கள், ஏறினால் சரி. இங்கே கடைக்காரர் பாய் முதலில் கேட்டது, "பழைய துண்டு எங்க தம்பி?" என்றுதான். வாய் பிளந்த பழைய ஹோஸை வெர்னியரில் அளக்க மாட்டார், அது விரிந்து போயிருக்கும், நடுவில் பிளேடால் வெட்டி அந்த வெட்டுமுகத்தில் அளப்பார். நான் கிளப்பி எடுத்துப் போன டி-ஜாயின்டின் காலையும் அளந்தார். நிப்பிளின் வெளிவிட்டத்தைவிட ஹோஸின் உள்விட்டம் ஒரு மயிரிழை குறைவாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு, கிளிப் இல்லாமலே பிடிக்க வேண்டும், கிளிப் சும்மா துணைக்கு. பூஸ்டர் ஹோஸை வெட்டுவதற்கு முன் எந்த வண்டி, எவ்வளவு நீளம், எங்கே வளைகிறது என்று கேட்டு, சுருளில் வெளிப்பக்கம் வெயில் பட்டு வெளிறியிருந்த முதல் முழத்தை வெட்டித் தள்ளிவிட்டு உள்ளே இருந்து கொடுத்தார். இதைச் செய்யும் கடைக்காரரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

பித்தளை டி-ஜாயின்ட்டும் அவரிடமே கிடைத்தது. சொட்டுநீர்ப் பாசனக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் டி கச்சிதமாக ஏறும், விலையும் சில்லறைதான், நம் பக்கம் நிறைய வண்டியில் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். தோட்டத்துக்கு அது நல்ல சாமான். இன்ஜின் சூட்டில் கொஞ்ச நாளில் உளுத்துவிடும்.

குறை என்றால் பில் கேட்டால் முகம் சுளிப்பார், அரை மீட்டருக்குக் குறைந்து வெட்ட மாட்டார், லாரிக்காரர் ஒருவர் வந்துவிட்டால் நம்மைச் சுத்தமாக மறந்துவிடுவார். இருக்கட்டும். மொத்தமும் சேர்த்து கிட் விலையில் பாதி கூட ஆகவில்லை.

மாட்டும் கதை. எல்லா ஹோஸையும் ஒரேயடியாகக் கழற்றி மேஜையில் பரப்பினால் மறுபடி மாட்டும்போது கடவுள்தான் காப்பாற்ற வேண்டும், ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுங்கள், முதலில் மேலிருந்து பக்கத்திலிருந்து படம் எடுத்து வைத்துவிட்டு. பழைய ஹோஸைப் பிடித்து இழுக்காதீர்கள். கார்பரேட்டரின் சின்னப் பித்தளை நிப்பிள்கள் திருகு இல்லாமல் அழுத்திச் சொருகியவை, காய்ந்த ரப்பர் அதில் வெல்டு வைத்த மாதிரி ஒட்டியிருக்கும், இழுத்தால் நிப்பிளோடு வரும், அப்புறம்தான் உண்மையிலேயே ஜே.சி. ரோடு. முதலில் ஹோஸைத் திருகிப் பாருங்கள், அசையவில்லை என்றால் பிளேடால் நீளவாக்கில் மேலாகக் கீறி வாழைப்பட்டை உரிப்பது போல உரித்து எடுங்கள். பிளாஸ்டிக் நிப்பிளில் பிளேடு வேண்டாம், கீறல் விழுந்தால் அந்தக் கீறல் வழியாகவே ஏர் புடிக்கும், அங்கே வெந்நீர் ஊற்றி இளக்கித் திருகுங்கள். புதிதை ஏற்ற சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ், ஆயில் எதுவும் தடவாதீர்கள், சிலிகானில் கண்டிப்பாகக் கூடாது.

டிஸ்ட்ரிபியூட்டர் ஹோஸ் போகும் இடம் முக்கியம். கார்பரேட்டரில் திராட்டில் தட்டுக்குச் சற்று மேலே இருக்கும் நிப்பிளில்தான் அது ஏற வேண்டும், அங்கே சிலோவில் வேக்கம் இருக்காது, லேசாக மிதித்ததும் வரும், அப்போதுதான் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) முன்னேற வேண்டும். பக்கத்திலேயே மேனிஃபோல்டு நிப்பிள் இருக்கிறதே, அதில் போட்டால் என்ன என்று போட்டால் சிலோவிலேயே டைமிங் முன்னேறி ஆர்.பி.எம். ஏறும், அதைச் சரிசெய்ய ஒருவர் சிலோவைக் குறைப்பார், அடுத்தவர் டைமிங்கைத் திருப்புவார், வண்டி நாசம். ஹோஸை டிஸ்ட்ரிபியூட்டரில் மாட்டிவிட்டு, கார்பரேட்டரில் சொருகுவதற்கு முன் அந்த முனையை வாயால் இழுத்து நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். நாக்கைப் பிடித்தபடி நின்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் டயஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) நன்றாக இருக்கிறது. காற்று வந்துகொண்டே இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த ஹோஸ் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

ஹோஸ் போகும் வழிக்குக் கிட்டில் ஒரு குறிப்பும் இல்லை, கடையிலும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பாதி வேலை அதில்தான் இருக்கிறது. ஜென்னில் இன்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது, கிளட்ச் விடும்போதும் கியர் மாற்றும்போதும் முன்னும் பின்னும் நன்றாக ஆடும். பாடியில் இருந்து இன்ஜினுக்குத் தாண்டும் ஹோஸ் எதுவாக இருந்தாலும் அந்த ஆட்டத்துக்கு இடம் விட்டு வெட்ட வேண்டும், அளந்து ஒட்ட வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும், நிப்பிளில் இருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். பழைய முனை வெடித்தால் ஒரு விரற்கடை வெட்டிவிட்டு மீண்டும் சொருகும் பழக்கம் நம்மிடம் உண்டே, அதை ஒவ்வொரு சர்வீஸிலும் செய்தால் கடைசியில் இந்த நிலைமைதான். அதற்காகத் தாராளமாக விட்டால் தொங்கி எக்ஸாஸ்ட் தகட்டில் படும், ஆக்ஸிலரேட்டர் கேபிளில் உரசும். சிலிகானுக்குச் சூடு பயமில்லை, உரசல்தான் பயம், ஒரு தகட்டு விளிம்பு சின்னதாகக் கீறிவிட்டால் அந்த இடத்தில் இருந்து கிழிந்துகொண்டே போகும். உரசும் இடங்களில் பழைய ரப்பர் ஹோஸில் ஒரு துண்டைப் பிளந்து மேலே போர்த்திவிட்டேன். கிட்டோடு வந்த கேபிள் டையை இறுக்கிக் கட்டினால் ஹோஸின் வாய் மூடும், தளர விடுங்கள், பற்கள் வைத்த ஸ்க்ரூ கிளாம்பைச் சிலிகான் மேல் போடவே வேண்டாம், துளைகள் வழியாகப் பிதுங்கி அறுபடும். வளைவு அதிகமான இடத்தில் ஒட்ட மடக்குவதற்குப் பதில் ஒரு சுற்று பெரிதாக விட்டுக் கொண்டுபோங்கள்.

பிரேக் பூஸ்டர் ஹோஸில் ஒருவழி வால்வு இருக்கும், காற்று பூஸ்டரில் இருந்து இன்ஜின் பக்கம் மட்டும் போக வேண்டும், அம்புக்குறி இருந்தால் இன்ஜினைப் பார்க்க வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு பெடலைப் பல முறை மிதித்துக் கெட்டியானதும், மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள், பெடல் காலுக்கடியில் சற்று இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வண்டியைத் தெருவை விட்டு வெளியே எடுக்காதீர்கள், சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறது, அங்கே லோடு லாரிகளுக்கு நடுவே கட்டையான பெடலை மிதித்துக்கொண்டு இருக்க முடியாது. நியூட்ரலில் விட்டு இன்ஜினை ஆஃப் செய்து பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பூஸ்டரில் சேர்ந்திருக்கும் வேக்கம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும் என்பது அவர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை.

எல்லாம் முடிந்தபின் வேக்கம் கேஜ் வைத்துப் பாருங்கள், ஆன்லைனில் வாங்க வேண்டிய சாமான் உண்மையில் இதுதான். புத்தகத்தில் சிலோவில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை காட்ட வேண்டும் என்று போட்டிருக்கும், அது கடல் மட்டக் கணக்கு. உயரம் 300 மீட்டர் கூடினால் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர், ஒன்றரை அங்குலத்தைக் கழிக்க வேண்டும், ஓசூர் 850-க்கும் மேல், அங்கே கிட்டத்தட்ட மூன்று. இங்கே பதினேழில் ஆடாமல் நிற்கும் என் வண்டி ஓசூரில் பதினாறுக்குக் கீழே காட்டுகிறது, அதைப் பார்த்து ஓசூரில் ஒரு மெக்கானிக் லீக் இருக்கிறது என்று மறுபடி பானட்டைத் திறக்க வந்தார். எண்ணைவிட முள்ளைப் பாருங்கள். தாழ்ந்தும் ஆடாமலும் நின்றால் லீக்காகவோ டைமிங் பிந்தியதாகவோ இருக்கலாம், சீராகத் துடித்தால் வால்வு பக்கம் போங்கள்.

ஹோஸ் மாற்றியபின், சிலோவில் காற்று-பெட்ரோல் கலவையைத் திருத்தும் மிக்ஸர் ஸ்க்ரூ பேச ஆரம்பித்தது, கால் சுற்றுக்கு இன்ஜின் குரல் மாறுகிறது, முன்பு எவ்வளவு திருகினாலும் பதில் இருக்காது. ஏசி போட்டால் ஒரு நொடி தயங்கிவிட்டு, ஆஃப் ஆகாமல் சிலோ நிலையாக நிற்கிறது. கார்பரேட்டரைத் திறக்கவே இல்லை. மாங்காய் சீசன் முழுக்க ஓடியபின் பார்த்ததில் சிலிகான் ஹோஸ்களில் வெடிப்போ வெளிறலோ இல்லை, சிவப்பு மட்டும் தூசியில் செங்கல் நிறமாகிவிட்டது. சிவப்பு வேண்டாம், கறுப்பு கிட்டே வாங்குங்கள், பழைய வண்டி பானட்டுக்குள் சிவப்பு ஹோஸ் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிகிறது, போதாக்குறைக்கு எஃப்.சி.க்குப் போனால் என்ன மாற்றியிருக்கிறாய் என்று ஒரு கேள்வி வேறு. 3, 4 மில்லிமீட்டர் மட்டும் தனி மீட்டராகக் கிடைத்தால் கிட்டே தேவையில்லை, தேடிப் பாருங்கள், சில இடங்களில் விற்கிறார்கள்.

பாய் கடைக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகைக்கு அடைத்திருக்கும். காலை பத்து மணிக்குள் போனால் லாரிக் கூட்டம் இருக்காது. பழைய துண்டுகள் அத்தனையையும், எது எந்த இடத்தது என்று டேப் ஒட்டி எழுதி, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.